‘தண்ணி’ என்று எழுதிய குழாய்

“ஏய், உன்ற தண்ணி எதுக்குடி பச்சையா எரியுது?”

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் என் பக்கத்து மேசைக்காரி. கோயமுத்தூர்ப் பெண். சென்னையில் ஒரே ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் நான்கு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தோம். அன்று வியாழக்கிழமை காலை. “தண்ணி எரியாது. போய் முகத்தைக் கழுவிட்டு வந்து பாரு” என்றேன். வருகிற திங்கட்கிழமை என் ஆய்வில் பாதியை வெட்டி எறியப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் யார் என்ன கேட்டாலும் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

அவள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். பார்த்தேன். இருட்டில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். ஒன்றிரண்டு இல்லை, எண்ண முடியாத அளவுக்கு. ஆனால் செல் வளர்க்கும் தட்டில் அது, வைரஸே விடாத குழி என்று அவள் குறித்து வைத்திருந்த குழி. அங்கே ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது.

“இதுல என்னடி ஊத்தினே?”

“நீ வெச்சிருந்த தண்ணியத்தான். குழாய் மேல நீதானே எழுதியிருந்தே, தண்ணீன்னு.”

அந்தச் சோதனைக் குழாயில் இருந்தது தண்ணீர் இல்லை. இரண்டு வருடமாக நான் கட்டிக்கொண்டு அழுத, செத்துப்போனது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்ட என் வைரஸ்.

வைரஸுக்கு எந்தப் பைத்தியம் ‘தண்ணி’ என்று பெயர் வைக்கும் என்று கேட்பீர்கள். நான்தான் வைத்தேன். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் பழவேற்காட்டு ஏரிக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருக்கிறது.

என் அம்மா ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போட்டு வைக்கும் பனையோலைக் கூடைக்குப் பறி என்று பெயர். பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் குந்தியபடியே நகர்வார்கள். அதனால் ஏரிக்குள் பேச்சு என்பதே கிடையாது. ‘ம்ம்’, ‘ம்ஹும்’, அவ்வளவுதான். யாருக்காவது கொண்டை அவிழ்ந்தாலோ, நண்டு விரலைக் கவ்விக்கொண்டாலோ, பக்கத்தில் இருக்கிறவளிடம் கயிற்றை நீட்டினால் போதும். அவள் தன் கயிற்றோடு சேர்த்து அதையும் கடித்துக்கொள்வாள். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

என் அம்மா மட்டும் தன் கயிற்றை யாரிடமும் கொடுத்ததில்லை. யாருடையதையும் வாங்கியதும் இல்லை. கொண்டை அவிழ்ந்தால் அத்தனை தூரம் நடந்து கரையேறி முடிந்துகொண்டு வருவாள். இதற்காகவே குப்பத்துப் பெண்கள் அவளுக்குச் ‘சீமாட்டி’ என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டு அதை வாங்கிக்கொள்வாள். உண்மையைச் சொல்வதைவிடச் சீமாட்டியாக இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

உண்மை இதுதான். நான் ஆறாவது படிக்கும்போது, நைனா என்று நான் கூப்பிடும் அப்பா போய்ச் சேர்ந்தார். ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னோம். அந்த மாதமே பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இல்லை, அம்மாவுக்கு இருந்தது. நர்ஸம்மா ‘எச்.ஐ.வி.’ என்று சொன்னதை அம்மா ‘எச்சி வி’ என்று காதில் வாங்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் எச்சிலுக்கு எச்சி என்றுதான் சொல்வோம். வியாதியின் பேரிலேயே எச்சி இருக்கும்போது, அது எச்சிலில் பரவாமல் வேறு எதில் பரவும்? ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பெண், எச்சிலில் பரவாது என்று பொறுமையாக எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். பொறுமையே இல்லாத நானும் கத்திக் கத்திச் சொன்னேன். “தெரியும்டி, எல்லாம் தெரியும்டி” என்பாள். சொல்லிவிட்டுத் தன் தட்டைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பாள்.

மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் போட்டு, குலுங்கினால் சத்தம் வராமல் இருக்கப் பஞ்சு அடைத்து வைத்திருப்பாள். ஒரு நாள் தவறியதில்லை. ரத்தத்தில் தேடினாலும் வைரஸ் கண்ணில் படாத அளவுக்கு அடங்கிப்போயிருந்தது. ஆனால் வெளியே தெரிந்தால் அவள் பிடித்த இறாலை யாரும் தொட மாட்டார்கள், அவள் இறங்குகிற தண்ணீரில் யாரும் இறங்க மாட்டார்கள் என்ற பயம் மட்டும் அடங்கவே இல்லை. அந்தப் பயம் என்னையும் தொற்றிக்கொண்டது.

அதனால்தான் நான் என்ன படிக்கிறேன் என்று ஊர் கேட்டபோது, “நண்டுக்கு வர்ற வைரஸ்” என்று சொல்லி வைத்தோம். இறால் பண்ணைகள் நோயில் அழிந்ததைப் பார்த்த ஊர். உடனே நம்பிவிட்டார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவள் அம்மா மாதக்கணக்கில் அளக்கிறாள். என் அம்மாவோ டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு, “அது ஏதோ நண்டு படிப்பு” என்று முடித்துக்கொள்வாள். சொல்லும்போது அவள் முகம் சுருங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவளுக்கு என்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ள வேண்டும். வாய் நிறையப் பீற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு வழியில்லாமல் இருந்தாள்.

போனில் பேசும்போதும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். அதனால் நாங்கள் பேசுவதும் நண்டு பாஷையாகவே ஆகிவிட்டது. பள்ளி லீவு நாட்களில் நான் நண்டு வியாபாரியின் கொட்டகையில் தரம் பிரித்திருக்கிறேன். நண்டைப் புரட்டி அடிப்பக்கம் கட்டை விரலால் அழுத்தினால் கல் மாதிரி நின்றால் நல்ல நண்டு. லேசாக உள்ளே போனால், அது அப்போதுதான் ஓடு கழற்றியது. உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அதற்குப் பெயர் தண்ணி நண்டு. தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவோம்.

என் வைரஸ்களும் அப்படித்தான். இதைச் சொல்லும்போது என் கைகள் தானாக ஆடத் தொடங்கிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி.க்குள் ஒரு ஓடு இருக்கிறது. கூம்பு வடிவம். ஒரே ஒரு புரதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தன்னோடு தானே கைகோத்து அந்தக் கூம்பைக் கட்டுகிறது. பெரும்பாலும் அறுகோணங்கள். அறுகோணத்தை மட்டும் வைத்து எதையும் மூட முடியாது என்பதால் இடையில் ஐங்கோணங்கள், சரியாகப் பன்னிரண்டு. முதல் முறை இதைப் படித்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். என் நைனாவைக் கொன்ற ஒன்று இத்தனை அழகாக இருக்கிறதே என்று அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

அந்த ஓட்டுக்குள்தான் வைரஸின் மரபுச் செய்தி பத்திரமாக இருக்கிறது. ஓடு செல்லுக்குள் நுழைந்து, நடுவில் இருக்கும் கருவின் வாசல்வரை போய், அதற்குள்ளும் புக வேண்டும். வழியிலேயே உடைந்தால் செல்லின் காவல்காரர்கள் கண்டுபிடித்து முடித்துவிடுவார்கள். ஒரேயடியாகக் கெட்டியாக இருந்தால் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காது. அந்தப் புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை மாற்றினாலே போதும், ஓடு இளகலாம், இறுகலாம். அதோடு செல்லுக்குள் இருக்கிற புரதங்கள் வேறு அந்த ஓட்டைப் பிடித்துக்கொள்கின்றன. சில அதற்குக் கைகொடுக்கின்றன, சில காலை வாரிவிடுகின்றன.

நான் அப்படிப் பல மாற்றங்களைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகின ஓட்டுக்குப் போனில் ‘கல்லு’ என்று பெயர். இளகின ஓட்டுக்குத் ‘தண்ணி’. “இன்னாம்மா, தண்ணி நண்டு இன்னா சொல்லுது?” என்று அம்மா கேட்பாள். “ஒண்ணும் சொல்லமாட்டேங்குதும்மா, செத்தே கெடக்குது” என்பேன். பேசிப் பேசி அதே பெயர் குழாயின் மேலும் ஏறிவிட்டது. பதிவேட்டில் ஒழுங்கான பெயர் இருந்தது. குழாயின் மேல் மட்டும், என் கையெழுத்தில், கறுப்பு மையில், ‘தண்ணி’.

தண்ணியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இரண்டு வருடமாக எந்தச் செல்லையும் தொற்றவில்லை. எங்கள் கூடத்தில் வளர்ப்பதற்கு எளிதான ஒரு வகைச் செல்லைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவோம். வைரஸையும் முடமாக்கித்தான் வைத்திருப்போம்: ஒரு முறை நுழையும், நுழைந்த செல்லைப் பச்சையாக ஒளிர வைக்கும், அதோடு சரி, பரவாது. மற்ற மாற்றங்கள் கொஞ்சமாவது ஒளிர்ந்தன. தண்ணி மட்டும் ஒவ்வொரு முறையும் கும்மிருட்டு. “செத்ததைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் இருப்பே? திங்கட்கிழமை கமிட்டியில எடுத்துடலாம்” என்றார் பேராசிரியர். எடுத்துவிட்டால் என் ஆய்வில் மிஞ்சுவது ஏற்கெனவே பலருக்கும் தெரிந்த விஷயம்தான். பட்டம் கிடைப்பது சந்தேகம். உதவித்தொகையும் முடியும் நிலையில் இருந்தது. அம்மாவுக்குப் பீற்றிக்கொள்ள நண்டுப் படிப்புகூட மிஞ்சாது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். கோயமுத்தூர்க்காரி வளர்ப்பது வேறு செல். ரத்தத்து வெள்ளையணு வகை, எச்.ஐ.வி. உண்மையில் குடியிருக்கும் இனம். செவ்வாய்க்கிழமை அவள் தன் சோதனைக்கு வைரஸ் இல்லாத வெறும் ஊட்டநீர் கேட்டிருக்கிறாள். நான் இருந்த எரிச்சலில் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ராக்குல இருக்கும், எடுத்துக்கோ” என்றிருக்கிறேன். வைரஸும் அதே ஊட்டநீரில்தான் இருக்கும். இரண்டும் ஒரே ரோஸ் நிறம். குழாய்களை நிறுத்தி வைக்கும் ராக்கில் ‘தண்ணி’ என்று என் கையெழுத்து. வெறும் நீருக்கு நான் வைத்த செல்லப்பெயர் என்று நினைத்து அவள் எடுத்து விட்டுவிட்டாள்.

“உன்ற தண்ணி...” என்று மறுபடி ஆரம்பித்தாள்.

“அது தண்ணி இல்லடி! தண்ணி நண்டு!” என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு முற்றிவிட்டது என்று எழுதி ஒட்டியிருந்தது. நான் நாற்காலியில் ஏறி நிற்காத குறை. மூச்சுவிடாமல் விளக்கினேன். விளக்க விளக்க அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது. இளகின ஓடு எங்கள் செல்லில் செத்துவிடுகிறது. அவள் செல்லில் பிழைக்கிறது. அப்படியானால் ஓடு மட்டும் காரணமில்லை. அந்தச் செல்லுக்குள் ஏதோ ஒன்று அந்த இளகின ஓட்டைத் தாங்கிப் பிடிக்கிறது, அல்லது எங்கள் செல்லுக்குள் ஏதோ ஒன்று அதை அடித்து நொறுக்குகிறது. எது? யாருக்குத் தெரியும்! தெரியாது என்பதே எனக்குப் பண்டிகையாக இருந்தது.

“கலந்துபோயிருந்தா?” என்றாள் அவள். சரியான கேள்வி. அந்த நொடியில் அவளைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது, ஆனாலும் சரியான கேள்வி. வேறு வைரஸின் ஒரு துளி குழாயில் விழுந்திருந்தாலும் இப்படி ஒளிரும். அன்று மதியமே இருவரும் சேர்ந்து புதிதாக ஆரம்பித்தோம். புதுக் குழாய்கள், அவள் செல், என் செல், உண்மையான வெறும் ஊட்டநீர். இந்த முறை பெயரை ஒழுங்காக எழுதினேன். எந்தக் குழியில் எது என்பதை அவள் தன் நோட்டில் மறைத்து வைத்துக்கொண்டாள், நான் ஆசைப்பட்டதையே பார்த்துவிடக் கூடாது என்று.

சனிக்கிழமை காலை தட்டைத் திறந்தோம். அவள்தான் தூக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். பச்சையாக இருந்த குழிகளை நான் வரிசையாகச் சொன்னேன். அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு நோட்டால் என் தலையில் ஒரு போடு போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தண்ணி, என் செல்லில் இருட்டு. அவள் செல்லில் பச்சை. வெறும் நீர், இரண்டிலும் இருட்டு.

பேராசிரியர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் திட்டினார். “வைரஸ் குழாய்க்குத் தண்ணீனு பேர் எழுதுற ஒரே ஆள் இந்த உலகத்துலேயே நீதான். இன்னொரு தடவை பார்த்தா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிடுவேன்.” திட்டு நியாயமானதுதான், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டோம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி முதல் படத்துக்குப் போனார். அந்தக் கண்ணாடி கழன்றால் அவருக்கு ஆசை வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். “ஓட்டைத் தாக்குற புது மருந்து வந்திருக்கு. அதுகிட்ட வைரஸ் தப்பிக்க உதவுற மாற்றங்கள் பலவும் இப்படித்தான், தப்பிச்சாலும் நோஞ்சானா ஆயிடுதுன்னு சொல்றோம். எந்தச் செல்லுல பார்த்துட்டுச் சொல்றோம்? அதைக் கேக்கலாம் இல்லையா?” என்றார். கொஞ்சம் யோசித்து, “இன்னும் பல தடவை செஞ்சு காட்டணும். ஆறு மாசம் தரேன். திங்கட்கிழமை கமிட்டிகிட்ட நானே பேசிக்கிறேன்” என்றார்.

அன்று நான் ரயிலேறிய விதத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. போனில் சொல்லத் தோன்றவில்லை; அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அனுப்பம்பட்டில் ரயில் நின்றபோது, இறங்கி ஓடினால் இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வீட்டில் பூட்டு. பையைத் திண்ணையென்று ஒன்று இல்லாத எங்கள் வீட்டு வாசலிலேயே எறிந்துவிட்டு ஏரிக்கு ஓடினேன்.

தண்ணீர் வற்றிய நேரம். தூரத்தில் நாலைந்து தலைகள் தனித்தனியாக நகர்ந்துகொண்டிருந்தன. கரைக்குக் கிட்டத்தில் இரண்டு தலை: அம்மா, பக்கத்து வீட்டுச் சித்தி. சித்தி சொந்தக்காரி இல்லை, அழைத்துப் பழகிய சித்தி. அம்மாவுக்குச் சீமாட்டி என்று பட்டம் கட்டியவளே அவள்தான். நான் சுடிதாரோடு முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டேன்.

“அம்மா! தண்ணி நண்டு பொழச்சிக்கிச்சும்மா!”

“ம்ம்?” என்றாள் அம்மா, வாயில் கயிற்றோடு.

“செத்துப்போச்சுனு சொன்னேன்ல, அது சாவலம்மா! வேற எடத்துல உயிரோட கீது! நானே கண்ணால பாத்தேன்! படிப்ப வெட்டமாட்டாங்க, சாரு சொல்ட்டாரு!”

அம்மா சரேலென்று எழுந்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. வாயைத் திறந்து சிரித்தாள், பறி நழுவித் தண்ணீரில் மிதந்தது. அவளும் என்னைப் போலத்தான், சந்தோஷம் வந்தால் நிதானம் போய்விடும்.

“அடிப்பாவி! அது பொழச்சா நமக்கு இன்னாடி கொண்டாட்டம்? அது சாவணும்னுதான நானு இத்தினி வருசமா மாத்திரை முழுங்கறேன்!”

சொல்லிவிட்டாள். தண்ணீருக்கு மேல் குரல் நன்றாகக் கேட்கும். காலையிலிருந்து இருந்த சந்தோஷம் முழுவதும் அந்த நொடியில் வடிந்துபோயிற்று. என் வாய்க்கொழுப்பால் அம்மாவின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சித்தி வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள். “நண்டு சாவறதுக்கு நீ இன்னாத்துக்குக்கா மாத்திரை முழுங்கற?”

அம்மா என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து பாதம்வரை பார்த்தாள். அவள் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. அதைக் கலைத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை என்று நினைக்கிறேன்.

“நண்டு இல்ல” என்றாள் சித்தியிடம். “எச். ஐ. வி.” ஒவ்வொரு எழுத்தாக, பிசகாமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே. “எனக்குத்தான். அவுங்க நைனா செத்த வருசத்துலருந்து கீது. அதும் மேல ஒரு ஓடு கீதாம். எம் பொண்ணு அந்த ஓட்டத்தான் பிரிச்சிப் படிக்குது. டாக்டரு பட்டத்துக்கு. இன்னிக்கி யாருக்கும் தெரியாத ஒண்ண கண்டுபுடிச்சிட்டு வந்து நிக்குது பாரு.”

பதினெட்டு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொன்னது வியாதியைப் பற்றியா, என்னைப் பற்றியா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி சொன்னாள்.

அம்மாவின் பறி காற்றில் சித்தி பக்கமாக மிதந்து போனது. உள்ளே இறால்கள் துள்ளுவது கேட்டது. சித்தி எட்டி அதைப் பிடித்தாள்.

“குடுத்துருடீ” என்று அம்மா பதறிக் கையை நீட்டினாள். “கயிறு பூரா என் எச்சி.”

சித்தி கயிற்றைப் பார்த்தாள், அம்மாவின் அவிழ்ந்த தலையைப் பார்த்தாள். பிறகு தன் கயிற்றோடு அம்மாவின் கயிற்றையும் சேர்த்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, கொண்டையைப் போடு என்று மோவாயால் காட்டினாள்.

“ம்ம்” என்றாள்.